விட்டத்தில் பாதி வாடகை

சிங்கப்பூருக்குச் சொந்தக் காரியமாக வருகிற நம் சனங்கள், உறவுக்காரர் வீட்டில் இடமில்லை என்று தெரிந்த பிறகு, ஓட்டல்களின் கண்ணாடிக் கதவுகளை வெளியே நின்று பார்த்த பிறகு, கைபேசியில் வந்த படத்தை நம்பிப் போய் அந்தப் படத்தில் இருந்த அறை அந்தத் தெருவிலேயே இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகு, கடைசியாக வந்து நிற்கிற விடுதி வாசல் பிலோமினாவுடையது. தேக்கா சந்தைக்குப் பின்னால், பூக்கடைக்கும் ஊருக்குச் சாமான் கட்டி அனுப்புகிற கடைக்கும் நடுவில், ஒருவர் இறங்கினால் இன்னொருவர் ஏற முடியாத மாடிப்படி. பெயர்ப்பலகை கிடையாது. சீர்காழியில் இட்லி மாவு அரைத்து விற்கிற தையல்நாயகி, ஒரு கையில் துணிப்பையும் மறு கையில் சுக்கும் கருப்பட்டியும் பூண்டும் பிரசவ லேகியமும் அடைத்த அட்டைப் பெட்டியுமாக அந்தப் படியேறி வந்து மூச்சு வாங்கி நின்றாள்.

"கட்டில் இல்லைக்கா. தரையும் இல்லை," என்றாள் பிலோமினா. "விட்டத்துல ஒரு இடம் இருக்கு. பாதி வாடகை. படுக்கிறீங்களா?"

தையல்நாயகி அண்ணாந்து பார்த்தாள். சீலிங்கில் வரிசையாகப் பாய்கள் விரித்திருந்தன. ஒரு பாயில் ஒரு பெண்மணி தலைகீழாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்த தோல்கள் கீழே விழாமல் மேல்நோக்கி அவள் மடியிலேயே விழுந்தன. தையல்நாயகி முன்தினம் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, கால் வீங்கியிருந்தது, அதிசயப்பட அவளுக்குத் தெம்பில்லை.

"ஃபேன் இறக்கை மண்டையில அடிக்காதா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஃபேனை எப்பவோ கழட்டியாச்சு லா," என்றாள் பிலோமினா, அந்த ஊர் இழுவையில்.

போன வருஷத்து மழைக்காலத்தில் ஒருநாள் காலை, இடமில்லாமல் ஒருவர்மேல் ஒருவர் படுத்திருந்த அந்த அறையிலிருந்து ஒரு மெத்தை தானாக மேலே போய் விட்டத்தில் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கே பிலோமினா ஏணி வாங்கி வந்து, மேலே போன மெத்தைக்கு என்ன வாடகை கேட்கலாம் என்று யோசித்து, தலைகீழ் என்பதால் பாதி என்று முடிவு செய்தாள். ஏன் இப்படி ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. போர்வை கொடுப்பீர்களா, சமையலுக்கு அடுப்பு உண்டா என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். ஏணியின் உச்சிப்படியில் நின்று உள்ளங்கைகளை விட்டத்தில் ஊன்றி ஒரு குட்டிக்கரணம் போட வேண்டும், முதல் நாள் குடல் புரளும், மறுநாள் சரியாகிவிடும். ஆளுக்குக் குட்டிக்கரணம் போதும், பொருள் மட்டும் ஒரு ராத்திரி மேலே தங்கினால்தான் மேலேயே நிற்கும் என்பதால், அன்று வடித்த சோறு விட்டத்துக்காரர்களின் இலையில் தங்காமல் தரைக்குக் கொட்டிவிடும், முந்தின நாள் மூடிக் கட்டி ஏற்றி வைத்த சோறுதான் தங்கும். ஆகவே விட்டத்தில் இருந்தவர்கள் எல்லாரும் பழைய சோறு தின்றார்கள். "அதுவும் ஒரு சிக்கனந்தான் தங்கச்சி," என்றாள் வெங்காயம் உரித்த பெண்மணி. அவள் பெயர் சபுரா பீவி. காயல்பட்டினத்துக்காரி, இங்கே கண் ஆபரேஷனுக்கு வந்த மகனுக்குத் துணையாக வந்தவள். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குக் கட்டில் உண்டு, துணைக்கு வந்தவருக்கு நாற்காலிகூடக் கிடையாது.

தையல்நாயகிக்கு அந்த ஊரிலேயே தங்கை இருந்தாள். கயல்விழி. பெற்றவள் பிரசவத்தோடு போய்விட, எட்டாவது படித்துக்கொண்டிருந்த தையல்நாயகி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இடுப்பில் தூக்கி வளர்த்த தங்கை. அவளைப் படிக்கவைத்து, சிங்கப்பூர் மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்து, தான் கல்யாணம் என்ற ஒன்றையே மறந்துபோனவள் தையல்நாயகி. கயல்விழிக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டில் நடக்க வேண்டியது. தாய்வீடு எழுந்து வர முடியாது என்பதால் அக்கா வந்தாள். வந்தவள் தங்கை வீட்டில் தங்க முடியாது, அதற்குக் காரணம் கல்யாணத்தன்று நடந்த ஒரு பிசகு.

மாப்பிள்ளை வீட்டார் மண்டபத்து வாசலில் வேனிலிருந்து இறங்கிய நேரம், சந்தனக் கிண்ணத்தோடு நிற்க வேண்டிய தையல்நாயகியைச் சமையல்காரர் பின்கட்டுக்குக் கூப்பிட்டு, கேஸ் தீர்ந்துவிட்டது என்றார். அவள் போய்த் திரும்புவதற்குள் மாப்பிள்ளையின் அம்மா விசாலாட்சி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவளை யாரும் 'வாங்க' என்று கேட்கவில்லை. தையல்நாயகி அப்புறம் ஓடிப்போய்க் கையைப் பிடித்து வாங்கம்மா வாங்கம்மா என்று சொன்னாள். உட்கார்ந்த பிறகு சொல்கிற 'வாங்க' செல்லாது. தாலி ஏறிய கையோடு விசாலாட்சி குலதெய்வத்தின் பேரைச் சொல்லிச் சூடம் ஏற்றி, அடித்து அணைத்துச் சத்தியம் செய்தாள்: "என்னை வான்னு கேக்காதவ கால் என் வீட்டுத் தரையில படக்கூடாது. பட்டா என் பிள்ளைக்கு ஆகாது." பிள்ளையின் தலையில் கட்டிய சத்தியத்தை யார் அவிழ்ப்பது? அதற்குப் பிறகு அவள் மருமகளை நல்லபடியாகத்தான் வைத்திருந்தாள், அக்காவைப் பற்றிக்கூடப் பல்லைக் கடிக்காமல்தான் பேசினாள். கால் மட்டும் படக்கூடாது, அவ்வளவுதான்.

"அத்தை தங்கமானவங்கக்கா," என்று விமான நிலையத்துக்கே போன் போட்டுச் சொன்னாள் கயல்விழி. "அந்த ஒண்ணுலதான் பிடிவாதம். பக்கத்துல மலிவா ஏதாவது பார்த்துத் தங்கிக்கயேன். பிள்ளை பொறந்ததும் பார்த்துக்கலாம்."

தையல்நாயகி விட்டத்தில் தங்கிக்கொண்டாள். காலையில் குட்டிக்கரணம் போட்டுத் தரைக்கு இறங்குவாள். பிலோமினாவின் அடுப்பில் பூண்டுக் குழம்பும் கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரைப் பொரியலும் வைத்து, தூக்குவாளியில் போட்டு, ரயிலேறிப் போய், தங்கை குடியிருந்த கட்டடத்தின் அடியில் தூண் ஓரமாக நிற்பாள். அந்தத் தரை பொதுத் தரை. மாப்பிள்ளை பிரசன்னா லிப்டில் இறங்கி வந்து வாளியை வாங்கிக்கொள்வான். குழம்பு வீட்டுக்குள் வரலாமா என்று முதல் நாள் கேள்வி எழுந்தபோது, "குழம்புக்குக் கால் இல்லையே," என்று விசாலாட்சியே தீர்த்து வைத்தாளாம். பிள்ளை பிறந்தது. ஆண். வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலும் விசாலாட்சி கூட இருந்ததால், தீட்டுக் கழிந்து குழந்தையை வெளியே எடுக்கிறபோது பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பிரசன்னா தூண் ஓரத்தில் நின்று கைபேசியில் படம் காட்டினான்.

"யார் சாயல் மாப்பிள்ளை?"

"அம்மா சாயல்னு சொல்றாங்க அக்கா."

"எந்த அம்மா?" என்று தையல்நாயகி கேட்டாள். அவன் வாளியை வாங்கிக்கொண்டு லிப்டுக்குப் போய்விட்டான்.

அவளுக்கு எல்லாவற்றிலும் கவலை. குழந்தைக்குப் பால் பற்றுகிறதோ இல்லையோ, தையல் போட்ட இடம் ஆறியதோ இல்லையோ, ஊரில் மாவு வாங்குகிறவர்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்களோ, போகட்டும், அந்தப் பிள்ளையை ஒருதரம் மடியில் போட்டுக்கொண்டால் போதும். கயல்விழியைத் தூக்கிய இடுப்பு இந்தப் பிள்ளைக்காக இன்னும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருந்தது. இந்தக் கவலைகளுக்கு நடுவில் தன் உடம்பை அவள் கவனிக்கவில்லை. ஒருநாள் காலை இறங்கி நின்றபோது குதிகால் தரையில் படவில்லை. மறுநாள் விரல் நுனி மட்டும் பட்டது. அதற்கு மறுநாள் அரிசி மூட்டை ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் ரயில் நிலையம் வரை போக முடிந்தது. கூரை இல்லாத இடத்தில் சாலையைக் கடக்கும்போது வானம் காலைப் பிடித்து இழுத்தது.

"மலிவுன்னு ரொம்ப நாள் தங்கினா இப்படித்தான் ஆகும்," என்றாள் பிலோமினா, துணி காயப்போட்டுக்கொண்டே. "நான் எல்லார்கிட்டயும் சொல்றேன், ரெண்டு நாள் தங்குங்க, மூணு நாள் தங்குங்க, போயிடுங்கன்னு. யார் கேக்குறாங்க?"

"என்கிட்ட நீ சொல்லவே இல்லையே பிலோமினா."

"சொல்லியிருந்தா மட்டும் வேற எங்க போயிருப்பீங்க?"

அதற்கு மாற்று உண்டு என்று பிலோமினா சொன்னாள். சொந்த இரத்தம் யாராவது கையைப் பிடித்து, விடியலிலிருந்து விளக்கு வைக்கிற நேரம்வரை, விடாமல் பிடித்திருந்தால் பாரம் திரும்பி வரும். நடுவில் விட்டால் பழையபடி மேலேதான். சபுரா பீவிக்கு அப்படித்தான் நடந்தது. மகன் கண்ணில் கட்டுப் பிரித்த கையோடு வந்து ஏணியில் உட்கார்ந்தான். "என்னும்மா இப்படி வௌவால் மாதிரி," என்று சிரித்துக்கொண்டே கையைப் பிடித்தவன், சாப்பிடாமல், எழுந்திருக்காமல், கை மரத்துப்போய் நீலம் பாரித்தும் விடாமல் இருந்தான். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்த சபுரா பீவி மாலையில் தொம்மென்று தரையில் விழுந்தாள். இடுப்பைத் தேய்த்துக்கொண்டு, "வலிக்குது தங்கச்சி, நல்லா வலிக்குது," என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள். அன்றைக்கே இரண்டு பேரும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள்.

தையல்நாயகி போனில் சொன்னாள். கயல்விழி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஒருநாள் முழுக்கவாக்கா? பிள்ளை ரெண்டு மணிக்கு ஒருதரம் பாலுக்கு அழுறான். கொஞ்சம் பெரியவனாகட்டும்," என்றாள். சரிதானே, பச்சைப் பிள்ளைக்காரி வேறு என்ன சொல்வாள் என்று தையல்நாயகி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அதற்குள் விடுதி மாறிப்போயிற்று. வெள்ளைக்காரப் பையன் ஒருவன் வழி தவறி வந்து, ஒரு ராத்திரி விட்டத்தில் படுத்து, படம் பிடித்து உலகத்துக்கே அனுப்பிவிட்டுப் போனான். அடுத்த வாரமே முதுகுப் பைகளோடு கூட்டம் வந்தது. தலைகீழாகப் படுத்தால் மனசு இலேசாகிறது என்றார்கள். பழைய சோற்றை வெள்ளைக் கிண்ணத்தில் போட்டுக் கேட்டு வாங்கித் தின்றார்கள். விட்டத்துக்கு வாடகை பாதியாக இருந்தது தரைக்குச் சமமாகி, பிறகு இரட்டிப்பாகி, தரையில் படுத்திருந்தவர்களே அண்ணாந்து பார்த்துப் பொறாமைப்படுகிற அளவுக்கு ஏறியது. பிலோமினா நான்கு நாள் தயங்கிவிட்டு, ஐந்தாம் நாள் ஏணியில் ஏறி வந்தாள்.

"தையலக்கா, கோவிச்சுக்காதீங்க. தரையில ஒரு கட்டில் காலி ஆயிருக்கு. அதுதான் இப்ப மலிவு."

"தரையில எப்படிடி படுப்பேன்? நிக்கவே முடியலை."

"அதான் நானும் யோசிக்கிறேன்," என்றாள் பிலோமினா. யோசித்துக்கொண்டே பாயைச் சுருட்டத் தொடங்கினாள்.

சேதி தங்கை வீட்டுக்குப் போனது. அன்று மாலை அங்கே நடந்ததைப் பிற்பாடு பிரசன்னா சொல்லித்தான் தையல்நாயகிக்குத் தெரியும். விசாலாட்சி பயறு முளைகட்டிக்கொண்டிருந்தாளாம். கயல்விழி அழுதாளாம். விசாலாட்சி கையைக் கழுவி, துடைத்து, ஒரு நிமிஷம் சீலிங்கைப் பார்த்தாளாம்.

"உங்கக்கா கால் இப்ப எங்க படும்?"

"மேலேதான் அத்தை."

"தரையில படாதில்ல?"

"படாது."

"அப்ப வரச்சொல்லேன். நான் என்ன ராட்சசியா? தரையிலதானே படக்கூடாதுன்னேன்."

குலதெய்வமும் இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஊரில் மழைக்கும் வெயிலுக்கும் பயந்து கட்டடத்துக்குக் கட்டடம் நடைபாதைக்கெல்லாம் கூரை போட்டிருக்கிறார்கள். அந்தக் கூரைகளின் அடியிலேயே தலைகீழாக நடந்து, சாமான் வேனின் உள்கூரையில் முழங்காலிட்டு உட்கார்ந்து, தாழ்வாரங்களின் சீலிங்கில் அடி மேல் அடி வைத்து, தையல்நாயகி பதினோராம் மாடியில் தங்கை வீட்டு வாசலுக்கு வந்தாள். எதிர்வீட்டுச் சீனக் கிழவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர், விருந்தாளியா என்று சைகையில் கேட்டுத் தலையாட்டினார். வாசல் நிலையைத் தாண்டி அவள் உள்ளே காலை வைத்தபோது விசாலாட்சி சோபாவில் உட்கார்ந்திருந்தாள். அண்ணாந்து பார்த்தாள். 'வாங்க' என்று விசாலாட்சி சொல்லவில்லை.

"பார்த்து," என்றாள். "லைட்ல இடிச்சுக்காதே."

அங்கேதான் தையல்நாயகி பிள்ளையைப் பார்த்தாள். கீழே தொட்டிலில், நெற்றியில் பெரிய மைப்பொட்டோடு, கையைக் காலை உதைத்துக்கொண்டு கிடந்தான். அவள் நேர் மேலே போய் நின்றாள். அவன் உதைப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து மல்லாந்தே கிடக்கிற பிள்ளைக்கு, மேலே இருக்கிற முகந்தான் நேரான முகம். சிரித்தான். முதல் சிரிப்பு என்று பிற்பாடு கயல்விழி சொன்னாள். அத்தையிடம் அதைச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள்.

பிள்ளையைத் தூக்கிக் கொடுக்க மட்டும் யாரும் துணியவில்லை. விட்டத்தில் இருப்பவள் கையில் இருப்பதெல்லாம் நாளடைவில் விட்டத்துக்காகிவிடும், பிள்ளையும் பாரம் இழந்துவிட்டால் என்ன செய்வது என்றாள் விசாலாட்சி. அது நியாயமான பயம். தையல்நாயகிக்கும் அந்தப் பயம் இருந்தது. அதனால் அவள் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டாள். கயல்விழி வேலைக்குத் திரும்பிப் போனாள், பிரசன்னா போனான், விசாலாட்சி கோயிலுக்கும் கடைக்கும் சீட்டாட்டத்துக்கும் போனாள். தையல்நாயகி மேலே இருந்தபடி பிள்ளை குப்புற விழுந்தால் குரல் கொடுத்தாள், ஈ உட்கார்ந்தால் சேலைத் தலைப்பை இறக்கி விசிறினாள், அவன் தூங்கும்வரை தாலாட்டுப் பாடினாள். பால் கொடுக்கவும் துணி மாற்றவும் ஒரு பெண் மணிக்கணக்குக்கு வந்து போனாள். அவள் ஒழுங்காகச் செய்கிறாளா என்று தையல்நாயகி பார்த்து மாலையில் ஒப்பித்தாள்.

"கேமரா வைக்கலாம்னு இருந்தோம்," என்று விசாலாட்சி பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள். "இனி எதுக்கு? கேமரா பாட்டுப் பாடுமா?"

பிரசன்னா நீட்டி வாங்கிய விசாவும் முடிகிற நாள் வந்தது. தையல்நாயகி கவலைப்பட்டாள். "யாரு அண்ணாந்து பார்க்கப் போறா?" என்றாள் விசாலாட்சி. அவள் சொன்னது சரி. மீட்டர் பார்க்க வந்தவனும், பிள்ளைக்கு ஊசி போட வந்த நர்சும், அடையாள அட்டை சரிபார்க்க வந்த அதிகாரியும் அந்த வீட்டுக்கு வந்து போனார்கள். ஒருவரும் தலையை நிமிர்த்தவில்லை.

ஒருநாள் மத்தியானம் கயல்விழி காய்ச்சல் என்று சீக்கிரம் வந்திருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. குளிப்பாட்டிச் சாம்பிராணி போட்ட பிள்ளையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தவள், சட்டென்று சோபாவின் மேல் ஏறி நின்றாள்.

"அக்கா, மோந்து பாக்கறியா? மோந்து மட்டும் பாரு."

தையல்நாயகி தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தலையை மட்டும் இறக்கி, கண்ணை மூடி, அவன் உச்சந்தலையை மோந்தாள். பாலும் சாம்பிராணியும், அதற்கடியில் கயல்விழி சின்ன வயதில் எப்படி மணந்தாளோ அந்த மணமும். பிள்ளை அவள் மூக்குத்தியைப் பிடித்தான். அவள் அசையவில்லை. அவனாக விடட்டும் என்று காத்திருந்தாள்.

சாயங்காலம் விசாலாட்சி பிள்ளையை எடுத்துக் கொஞ்சும்போது உச்சியில் ஒரு கற்றை முடி மேல்நோக்கி நின்றது. தடவிவிட்டாள். திரும்ப நின்றது. எண்ணெய் வைத்துச் சீவினாள். திரும்ப நின்றது. குழந்தைகள் எல்லாருக்குமே அப்படி ஒரு கற்றை நிற்கும். கயல்விழிக்கே நின்றது, தையல்நாயகி எச்சில் தொட்டுத் தொட்டுப் படியவைத்திருக்கிறாள். அதை மேலேயிருந்து சொல்லவும் செய்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கயல்விழி காய்ச்சல் மாத்திரையை விழுங்கிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவன் எப்பப் பாரு மேலயே பார்க்கிறான்," என்றாள் விசாலாட்சி மகனிடம். "குப்புறப் போட்டா அழுறான். தவழவே மாட்டேங்கிறான். நான் யாரையும் குத்தம் சொல்லலை. ஆனா ஒரு தடுப்பு வேணும்."

பிரசன்னா நல்ல பையன். அவன் மறுநாளே ஒரு தச்சரைப் பிடித்தான். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் சமையலறைக்கும் பொய்க்கூரை அடித்து, வட்ட விளக்குகள் பதித்துவிடலாம், முதல் பிறந்தநாளுக்கு வீடும் அழகாக இருக்கும் என்றார் தச்சர். அசல் சீலிங்குக்கும் பலகைக்கும் நடுவில் எவ்வளவு இடம் விடுவீர்கள் என்று கயல்விழி கேட்டாள். ஆள் உட்கார முடியாது, படுக்கலாம் என்றார் அவர்.

பலகை வருவதற்கு முதல் நாள், விசாலாட்சி விடியலில் ஏதோ விசேஷத்துக்குக் கிளம்பிப் போனதும், தையல்நாயகி தங்கையைக் கூப்பிட்டாள். தன் வாழ்நாளில் அவளிடம் கேட்ட ஒரே காரியத்தை அன்றைக்குத்தான் கேட்டாள்.

"கயலு. இன்னிக்கு லீவு போட்டுட்டுக் கையைப் பிடிச்சுக்கடி. சாயங்காலம் வரைக்கும். நான் இறங்கிடுவேன். இறங்கி ஊருக்குப் போயிடுறேன். உன் வீட்டுத் தரையில விழமாட்டேன், வெளியில தாழ்வாரத்துல வெச்சுப் பிடி, அது பொதுத் தரைதானே. போறதுக்கு முன்னாடி ஒருதரம் அவனை மடியில வெச்சுக்கிறேன்."

கயல்விழி அழுதாள். அழுதுகொண்டே ஆபீசுக்குப் போன் செய்தாள். தாழ்வாரத்தில் ஒரு முக்காலி போட்டு ஏறி உட்கார்ந்து, அக்காவின் கையைப் பிடித்தாள். பிள்ளை தள்ளுவண்டியில் பக்கத்தில் கிடந்தான். வெயில் ஏறியது. எதிர்வீட்டுக் கிழவர் இரண்டு பேருக்கும் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். மத்தியானத்துக்கெல்லாம் தையல்நாயகியின் சேலை மெல்லத் தரையை நோக்கித் தொங்க ஆரம்பித்தது. அவள் விட்டத்திலிருந்து பிரிந்தாள். தலை மேலாகவும் கால் கீழாகவும் திரும்பினாள். பழைய உளைச்சல் ஒவ்வொன்றாக உடம்புக்குத் திரும்பியது. முதலில் முழங்கால் வலி, அப்புறம் இடுப்பு. நான்கு மணிக்குக் கால் கட்டைவிரல் தரைக்கு ஒரு சாண் மேலே இருந்தது. தள்ளுவண்டியில் பிள்ளை, எல்லாரையும் போலத் தலை மேலாக நின்ற அவளைப் பார்த்துத் திகைத்துப்போய் வாயைத் திறந்தான்.

லிப்ட் கதவு திறந்தது. விசாலாட்சி கையில் தாம்பூலப் பையோடு வந்தாள். திட்டவில்லை. நின்று பார்த்தாள்.

"தரையில கால் படலையே இன்னும்?"

"இது பொதுத் தரைங்க சம்பந்தியம்மா," என்றாள் தையல்நாயகி.

"நம்ம வீட்டு மிதியடி எது வரைக்கும் இருக்கோ அது வரைக்கும் நம்ம தரைன்னுதான் நான் நினைச்சுச் சொன்னேன்." விசாலாட்சி மருமகளைப் பார்த்தாள். குரலை உயர்த்தவே இல்லை. "உன் புருஷன் இன்னிக்கு நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னு மத்தியானம் போன்ல சொன்னான். அசிடிட்டியாத்தான் இருக்கும். உனக்குப் பயமில்லைன்னா பிடிச்சுக்கோ. நான் ஒண்ணும் சொல்லலை."

கயல்விழி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். இரண்டு கைகளுக்கும் நடுவில் வியர்வை. அக்காவின் விரல்கள் பிடித்திருந்தன. தங்கையின் விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. "ஒரே ஒருநாள் கழிச்சுப் பார்த்துக்கலாம்க்கா," என்றாள். தையல்நாயகி தான் பிடித்திருந்த பிடியையும் விட்டாள். இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தால் தங்கையும் கூடவே மேலே வந்துவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். நீர்க்குமிழி போல ஏறிப்போய் முதுகு விட்டத்தில் மோதியது. வலிக்கவில்லை.

மறுநாள் பலகை வந்தது. நல்ல வேலை. ஏசி பார்க்கிறவனுக்காக ஒரு சதுரம் மட்டும் திறக்கிற மாதிரி விட்டிருந்தார்கள், அதன் வழியாகத் தினமும் பழைய சோறும் ஊறுகாயும் மேலே போனது. பிறந்தநாளுக்கு வந்தவர்கள் கூரையைப் பாராட்டினார்கள், எந்தக் கடையில் பலகை எடுத்தீர்கள் என்று விசாரித்தார்கள். தையல்நாயகி இருட்டில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை தவழ்ந்ததையும், சோபாவைப் பிடித்து நின்றதையும், விழுந்ததையும், இன்னொருவர் தூக்கியதையும் சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டாள். அவன் குப்புறப் படுத்துத் தூங்கப் பழகிவிட்டான் என்று விசாலாட்சி போனில் யாரிடமோ சந்தோஷமாகச் சொன்னதையும் கேட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். பையன் நடு வீட்டில் நின்று, அண்ணாந்து, விரலை மேலே நீட்டி, "ஆ... ஆ..." என்றான்.

"என்ன தங்கம்? லைட்டா?" என்றாள் விசாலாட்சி. "லைட்டு. சொல்லு, லைட்டு."

"லைட்டு, லைட்டு," என்றான் பிரசன்னா, சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்து.

பையன் விரலை மடக்கவில்லை. விளக்குக்கும் விளக்குக்கும் நடுவில் வெறும் வெள்ளையாக இருந்த இடத்தைக் காட்டிக்கொண்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். கயல்விழி அவன் காட்டிய இடத்தை ஒருதரம் அண்ணாந்து பார்த்தாள்.

"லைட்டுடா கண்ணா," என்றாள் பிறகு. "அது லைட்டு."

"லைட்டு," என்றான் பையன்.

எல்லாரும் கை தட்டினார்கள். பேச்சு வந்துவிட்டது என்று விசாலாட்சி சர்க்கரை எடுக்க உள்ளே ஓடினாள். பையன் அதே வெள்ளை இடத்தைப் பார்த்து, இந்த முறை சத்தமாக, கூப்பிடுகிற குரலில், "லைட்டு!" என்றான்.

பலகைக்கு மேலே தையல்நாயகி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, யாருக்கும் கேட்காமல், "என்னய்யா," என்றாள்.